ஒட்டுப்பாலின் அப்பா பெயர்

எம்.ஆர்.டி. ரயில் குவாசா டாமான்சாராவை நெருங்கும்போதெல்லாம் சன்னல் பக்கம் நகர்ந்துகொள்வேன். 2016 டிசம்பர் 16-ஆம் தேதி இந்தத் தடத்தில் ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து இதே பழக்கம். இப்போது கட்டடமும் சாலையுமாக இருக்கிற இந்த மேட்டில்தான் பால்மரங்கள் நின்றன. அதற்குள் எங்கள் லயம்.

எங்கள் சுங்கை பூலோ தோட்டம் மற்றத் தோட்டங்களைப் போன்றதல்ல. 1925-இல் ஏற்படுத்தப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் அது. அந்தக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரத்தைத் தாய்லாந்துக்காரர்கூட அறிவார். அதன் பெற்றோர் ஜீர் 1, பி.பி. 86 என்பது வரை ஏட்டில் இருக்கிறது. எந்த மரம் எந்த நிரையில் நிற்கிறது, எவ்வளவு பால் தந்தது என்று எழுதிவைத்தார்கள். அந்த மரத்தடியில் மங்கு கழுவிய பிள்ளைகளை யாரும் எழுதிவைக்கவில்லை.

என் கூட்டாளியை நாங்கள் ஒட்டுப்பால் என்போம். மரத்து வெட்டில் உலர்ந்து ஒட்டிக்கொள்ளும் பாலைப் போல எப்போதும் அவன் அக்காவோடு ஒட்டிக்கொண்டே திரிவான். நான் சுள்ளி. அவன் ரப்பர் விதையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடு ஆறுமுன் அடுத்தவன் தொடையில் வைப்பான். அந்தச் சூடு இன்னும் என் தொடையில் இருக்கிறது என்றே சொல்வேன். வலித்தாலும் மறுநாள் அவன் பக்கத்தில்தான் உட்காருவேன். பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போன அம்மாக்கள் மூடிவைத்துப் போன சோற்றை இருவரும் பிரித்துத் தின்றோம்.

1974-இல் ஆறாம் ஆண்டு முடிந்தது. நான் புகுமுக வகுப்புக்குப் பேருந்து ஏறினேன். அவன் அம்மாவோடு நிரைக்குப் போனான். ஒருநாள் பள்ளிவிட்டு வந்து பார்க்கிறேன், அவர்கள் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. காலையில் லாரி வந்து சாமான்களை ஏற்றிப் போனதாகப் பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

பிறகு நாங்களும் வெளியேறினோம். பின்னாளில் அந்த நிலத்தில் 2,330 ஏக்கர் ஊழியர் சேமநிதி வாரியத்தின் கைக்குப் போனது. அப்பா சம்பளத்தில் மாதாமாதம் பணம் பிடித்த அதே சேமநிதி. தொழிலாளி சேர்த்த காசுக்கு அவன் வாழ்ந்த மண்ணே சொத்தாகியிருக்கிறது; அதில் அவனுக்கென்று ஒரு வீடு வாய்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஒவ்வொரு பயணத்திலும் மனம் அடித்துக்கொள்கிறது.

வேலை ஓய்வுக்குப் பிறகு தேட ஆரம்பித்தேன். முகநூலில் பார்த்தேன், தோட்டத்துக்காரர்களின் புலனக் குழுவில் கேட்டேன். கிள்ளானில் ஒருத்தி, பிரிக்பீல்ட்ஸில் ஒருவன் என்று நான்கு பேர் கிடைத்தார்கள். ஒட்டுப்பால் கிடைக்கவில்லை. வாத்தியார் அவனைக் கூப்பிட்ட பெயர் நினைவிருக்கிறது, ஆனால் சிலாங்கூரில் அந்தப் பெயரில் எத்தனை பேர்! நம் அடையாள அட்டையில் அப்பா பெயர் சேர்ந்தால்தான் ஆள் யார் என்று தெரியும். அவன் அப்பாவை நாங்கள் ‘ஸ்டோர் மாமா’ என்றுதான் கூப்பிட்டோம். ஒரு மரத்தின் தாய் தகப்பனைச் சொல்லத் தெரிந்த எனக்கு, சோறு பகிர்ந்தவனின் தகப்பன் பெயர் தெரியவில்லை.

சென்ற ஆண்டு காலைத் தேநீரோடு நாளிதழைப் புரட்டியபோது கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில் ஒரு படம். நரைத்த மீசை, எனக்குத் தெரியாத முகம். பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘என்ற ஒட்டுப்பால்’ என்று அச்சாகியிருந்தது. அப்பா பெயரும் இருந்தது. அதை மூன்று முறை வாய்விட்டுப் படித்தேன்.

கருமக்கிரியைக்குப் போனேன். வாசலில் அவன் மகன் கைகூப்பி, “ஐயா, நீங்க...?” என்று கேட்டான். என் முழுப் பெயரைச் சொன்னேன். அவனுக்குப் பிடிபடவில்லை. உள்ளே நாற்காலியில் வயதான அக்கா உட்கார்ந்திருந்தார். குனிந்து அவர் காதருகே, “அக்கா, நான் சுள்ளி” என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

“உன்னைத்தான்டா தேடிக்கிட்டிருந்தான். உங்கப்பா பேரு தெரியாம, யாருகிட்ட என்னன்னு கேப்பேன்னு சொல்லிக்கிட்டே இருப்பான்.”