உறங்கும் போலீஸ்காரருக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
காரின் கடைசி எண் 8,
தெற்கு ஜகார்த்தா.

பெறுநர்:
உயர்திரு போலிசி திடுர் அவர்கள்,
எங்கள் சந்து முனை,
அதே முகவரி.

பொருள்: தாங்கள் பதவி உயர்வு ஏற்கக் கோருதல் தொடர்பாக.
பார்வை: பதினோரு ஆண்டுகள், காரின் முன்கண்ணாடி வழியாக.

ஐயா,

இன்று ஒற்றைப்படைத் தேதி. என் கார் நம்பர் இரட்டைப்படையில் முடிகிறது. ஆகவே காலை 6 மணியிலிருந்து 10 மணி வரை நகரத்தின் முக்கியமான சாலைகளில் எனக்கு இடமில்லை. ஆபீஸ் இருக்கும் ராசுனா சைத் சாலையும் அவற்றில் ஒன்று. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். கையில் நேரம் இருக்கிறது, எதிரே நீங்கள் படுத்திருக்கிறீர்கள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

எங்கள் ஊரில் உங்களை ஸ்பீட் பிரேக்கர் என்போம். போர்டில் எழுதும்போது மட்டும் வேகத்தடை. இந்தோனேசியர்கள் உரிய மரியாதையோடு உங்களை உறங்கும் போலீஸ் என்கிறார்கள். போலிசி என்றால் போலீஸ், திடுர் என்றால் தூக்கம். வந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை. இந்த நகரத்தில் சிவப்பு விளக்கு விழித்திருக்கிறது, கேமரா விழித்திருக்கிறது, விசில் ஊதுகிறவரும் விழித்திருக்கிறார். அவர்கள் எல்லோரிடமும் பேசிப்பார்க்க இடமுண்டு. உங்களிடம் மட்டும் யாரும் பேசிப்பார்ப்பதில்லை. சந்துக்குள் சீறிக்கொண்டு வரும் பார்சல் பையனிலிருந்து மூன்றாம் வீட்டுப் பெரிய பஜேரோ வரைக்கும் உங்கள் முன்னால் வந்ததும் பிரேக்கை மிதிக்கிறார்கள். தூக்கத்திலேயே இவ்வளவு அதிகாரம் செலுத்தும் ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. (எங்கள் தாலுகா ஆபீஸில் தூக்கம் பார்த்திருக்கிறேன். அதிகாரமும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்து பார்த்ததில்லை.)

உங்களை நியமித்தது அமைச்சரும் அல்ல, கவர்னரும் அல்ல. சந்துக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிமென்ட் குழைத்துக் கட்டினோம். நானும் 50,000 ரூப்பியா கொடுத்தேன். உங்களைப் போன்றவர்களின் உயரத்துக்கும் அகலத்துக்கும் அரசு விதிகள் இருக்கின்றனவாம். அன்றைக்கு யாரிடமும் ஸ்கேல் இல்லை. கொத்தனார் தன் செருப்பை வைத்து அளந்தார். அதனால்தானோ என்னவோ, நீங்கள் ஏட்டு அளவில் இல்லாமல் நேராக இன்ஸ்பெக்டர் அளவில் பிறந்துவிட்டீர்கள். என் காரின் சைலன்ஸர் இதற்குச் சாட்சி.

சந்துக்கு வெளியே நடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பதவி உயர்வுக்கு முன்னால் துறையின் நிலவரம் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊர் மொழியில் ஜாம் என்றால் கடிகாரம். மணி, நேரம் என்றும் பொருள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தாமதமாக உள்ளே நுழைந்த என்னிடம் வாசல் காவலர் ‘ஜாம் பெராப்பா?’ என்று கேட்டார். எத்தனை மணி என்பது அதன் பொருள். வழியில் எத்தனை ஜாம் என்று விசாரிக்கிறார் என நினைத்து நான் மிகுந்த நெகிழ்ச்சியோடு நான்கு விரலைக் காட்டினேன். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரை. பிறகு என்னைப் பார்த்தார். நெரிசலுக்கு இவர்கள் சொல் ‘மச்செட்’. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், கல்யாணத்துக்கு வராததும் மன்னிக்கப்படும். சாலையிலேயே கிழவனாவது என்று ஒரு சொலவடையும் வைத்திருக்கிறார்கள். என் காதோரத்தைப் பார்த்தால் அது அலங்காரப் பேச்சில்லை என்று தெரியும். 2015-இல் ஓர் எஞ்சின் ஆயில் கம்பெனி உலக நகரங்களைக் கணக்கெடுத்து, ஒரு கார் ஆண்டுக்கு 33,240 முறை நின்று கிளம்புகிறது என்று ஜகார்த்தாவுக்கு முதலிடம் தந்தது. நாளுக்கு 91 தடவை. ஆயில் விற்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு இனித்திருக்கும்.

அரசு சும்மா இருந்ததாகச் சொல்ல மாட்டேன். 1992-இலேயே ஒரு சட்டம் போட்டார்கள். சுடிர்மான், தம்ரின் போன்ற பெரிய சாலைகளில் நெரிசல் நேரத்தில் போகும் காரில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். பேர், த்ரீ இன் ஒன். மூன்று பேர் சேர்ந்து ஒரே காரில் வேலைக்குப் போவார்கள் என்று சட்டம் எழுதியவர் நம்பியிருக்கிறார். நல்ல மனிதர். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மூன்றாவது ஆளை வாடகைக்கு எடுத்தார்கள். சட்டம் தொடங்கும் சாலைக்குச் சற்று முன்னால் வரிசையாக நிற்பார்கள். ஜோக்கி என்று பெயர். ஒரு விரலைத் தூக்கினால் ஒரு தலை. இரண்டு விரல் என்றால் தாயும் கைக்குழந்தையும். நான் வந்த புதிதில் தனியாக ஓட்டுகிறவன், ஆகவே எனக்கு இரண்டு விரல்தான் தேவை.

ஒரு பெண் வழக்கமாக என் காரில் ஏறுவார். 30,000 ரூப்பியா. பின்சீட்டில் உட்கார்ந்ததும் குழந்தைக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, எந்த லேன் ஓடும், எது ஓடாது என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒருநாளும் அவர் சொன்னது தப்பியதில்லை. குழந்தைக்கு என் கழுத்துப் பட்டையில் நனைந்த பிஸ்கட் தடவுவதில் ஆர்வம். அந்தக் கறையோடு நான் எத்தனை மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அந்தச் சட்டம் எழுதியவருக்குத் தெரியாது. ஜோக்கிகளைப் பிடிக்க அவ்வப்போது ரெய்டு வரும். அப்போது இருக்கையில் அமர்ந்திருக்கும் நாங்கள் மூவரும் ஒரு குடும்பம். கேட்டால் நான் தமிழில் பதில் சொல்வதாக ஏற்பாடு.

குழந்தைகளை இதற்காக வாடகைக்கு விடுகிறார்கள் என்ற புகார் எழுந்தது. அது வேடிக்கை இல்லை. 2016-இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். விட்டது தொல்லை என்று ஊரே கைதட்டியது, நானும் தட்டினேன். அங்கேதான் ஐயா எங்கள் மூக்கு உடைந்தது. ஹார்வர்டையும் எம்.ஐ.டி.யையும் சேர்ந்த பொருளாதார நிபுணர்கள் கூகுள் மேப்பை விடாமல் கேட்டுக் கணக்கெடுத்து, 2017-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். சட்டம் போனபின் மாலை நெரிசலில் ஒரு கிலோமீட்டருக்கு 2.8 நிமிடமாக இருந்த தாமதம் 5.3 நிமிடமாகிவிட்டது. அந்தச் சட்டமே இல்லாதிருந்த சாலைகளிலும் நெரிசல் கூடியது. ஊரே ஏமாற்றிய சட்டம், ஏமாற்றப்பட்டுக்கொண்டே வேலையும் செய்துகொண்டிருந்திருக்கிறது! இரண்டு விரல் தூக்கி நின்ற அந்தப் பெண்ணுக்கு நகரம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்று யாரும் கணக்குப் போடவில்லை.

பழைய சட்டம் போன 2016-இலேயே வந்ததுதான் இந்த ஒற்றை, இரட்டை. ஒற்றைத் தேதியில் ஒற்றை நம்பர், இரட்டைத் தேதியில் இரட்டை நம்பர். பக்கத்து வீட்டுக்காரர் உடனே இரண்டாவது கார் வாங்கினார், 3-இல் முடியும் நம்பரோடு. அவருடையது இரட்டை, மனைவியுடையது ஒற்றை. தேதி பார்த்து யார் ஓட்டுவது, யார் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வது என்று மாறிக்கொள்கிறார்கள். வாக்குவாதத்தின் டெசிபலை வைத்தே இன்று என்ன தேதி என்று நான் சொல்லிவிடுவேன். மோட்டார் சைக்கிளுக்கு விலக்கு, எலெக்ட்ரிக் காருக்கும் விலக்கு. எனக்குத்தான் இரண்டும் இல்லை.

மெட்ரோ இருக்கிறதே என்பீர்கள். 2019-இல் வந்தது, பதின்மூன்று ஸ்டேஷன், பதினாறு கிலோமீட்டர், கண்ணாடி மாதிரி. ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போக ஐந்து கிலோமீட்டர். அந்த ஐந்து கிலோமீட்டரில்தான் என் தலைமுடி நரைத்தது.

சந்திலிருந்து பெரிய சாலையில் யு-டர்ன் எடுக்குமிடத்தில் உங்கள் சக ஊழியர் ஒருவர் நிற்கிறார். ஊர் வைத்த பேர் பாக் ஓகா. எண்பதுகளில் வந்த ‘சி உன்யில்’ என்ற பொம்மலாட்டத் தொடரில், வேலை செய்யாமல் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் நூறு ரூப்பியா கேட்கும் மொட்டைத்தலைப் பொம்மை அது. எங்கள் பாக் ஓகா உட்காருவதில்லை. கையில் ஒரு விசில், காலில் ஒரே ஜோடி ரப்பர் செருப்பு, எதிரே அறுபதில் வரும் பஸ். அதன் முன்னால் கையை நீட்டி நடந்து போய் நிறுத்தி, என்னைத் திருப்பிவிடுகிறார். 2,000 ரூப்பியா நோட்டை ஜன்னல் வழியே நீட்டினால், வாங்கும்போது கண்கூட என்னைப் பார்ப்பதில்லை, அடுத்த பஸ்ஸைப் பார்க்கிறார். நோட்டு இல்லாத நாளில் நான் வெட்கத்தோடு ஒரு கும்பிடு போடுவேன். அதையும் வாங்கிக்கொள்கிறார். சம்பளப் பட்டியலில் இல்லாத இருவர்தான் இந்த ஊர்ப் போக்குவரத்தை நடத்துகிறீர்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

பெரிய மனிதர்களின் கார் விஷயத்துக்கு வருகிறேன். முன்னால் இரண்டு பைக், மினுக்கும் நீல விளக்கு, சைரன். ஒதுங்க இடமே இல்லாத இடத்தில் நாங்கள் ஒதுங்க வேண்டும். அந்த ஓசையை இங்கே ‘தோத் தோத் வுக் வுக்’ என்பார்கள். 2025-இல் மக்கள் அந்தப் பேரைச் சொல்லியே, அதை நிறுத்து என்று ஸ்டிக்கர் அடித்துக் காரின் பின்னால் ஒட்ட ஆரம்பித்தார்கள். போக்குவரத்துப் போலீஸ் தலைமையும் சைரனைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. சைரன் நின்றதா என்று கேட்காதீர்கள். நான் ஜன்னலை ஏற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறேன்.

ஆனால் சைரனும் உதவாத நாள் உண்டு. 2017 அக்டோபர் 5, சிலெகோனில் ராணுவ தின அணிவகுப்பு. அதைப் பார்வையிட வந்த அப்போதைய அதிபர் ஜோக்கோ விடோடோவின் கார் நெரிசலில் மாட்டிக்கொண்டது. மனிதர் இறங்கி ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடந்தே போய்ச் சேர்ந்தார். அவர் நடக்கும் படத்தைப் பார்த்தபோது எனக்கு வந்தது அனுதாபமில்லை, சகோதர பாசம். இரண்டு ஆண்டு கழித்து அவரே தலைநகரைக் கலிமந்தானுக்கு மாற்றப்போவதாக அறிவித்தார். சொன்ன காரணங்களில் ஜகார்த்தா நெரிசலும் ஒன்று. நெரிசலிலிருந்து தப்பிக்க நான் சந்து மாற்றிப் பார்த்திருக்கிறேன். தீவை மாற்றத் தோன்றியதில்லை.

சென்னையில் ஓட்டிப் பழகிய எனக்கு இங்கே பெரிய அதிர்ச்சி, இவர்கள் ஹாரன் அடிப்பதில்லை. முதல் வாரம் என் காது வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்தேன். குறுக்கே வெட்டுகிறவன் கையைத் தாழ்த்தி லேசாக ஆட்டுவான், அவ்வளவுதான். அந்தக் கையைப் பார்த்தால் கோபம் வராது, அதுதான் கோபம். இடப்பக்க இண்டிகேட்டர் போட்டு வலப்பக்கம் திரும்புகிறவர்கள் எல்லாம் ஸ்கூட்டரில் போகும் அம்மாமார்கள் என்று ஊரில் ஒரு கேலி. என் பம்பரை அப்படித் திரும்பி நசுக்கியவர் மீசை வைத்திருந்தார்.

மழை வந்தால் கதை வேறு. போன வாரம் சாயங்காலம் மேம்பாலத்துக்கு அடியில் போய்க்கொண்டிருந்தேன். சட்டென்று கொட்டியது. நூறு நூற்றைம்பது பைக்குகள் பாலத்தின் அடியில் ஒதுங்கின. மூன்று லேனில் இரண்டரை போயிற்று. எல்லோரும் சாவதானமாக சீட்டைத் தூக்கி மழைக்கோட்டை எடுத்து, உதறி, போட்டுக்கொண்டு, போனில் ‘வழியில் இருக்கிறேன்’ என்று செய்தி அனுப்பினார்கள். இந்த ஊரில் அந்தச் செய்தியைக் குளியலறையிலிருந்தும் அனுப்பலாம். ஒருவர் பொரித்த தோஃபுவும் பச்சை மிளகாயும் கட்டிய பொட்டலங்களோடு கார் காராக வந்தார். தாஹு சுமெடாங். சூடாக இருந்தது. நாற்பது நிமிடத்தில் மூன்று பொட்டலம் காலி. நெரிசல் எங்கே உருவாகும் என்பது எந்த ஆபீஸுக்கும் தெரியும் முன்னால் அவருக்கு எப்படித் தெரிகிறது? எண்ணெய் அங்கேயே காய்கிறது ஐயா!

ஆகவே விண்ணப்பம். தாங்கள் சந்து முனையைவிட்டு எழாமல், படுத்த நிலையிலேயே, நகரின் போக்குவரத்துக்கு மொத்தப் பொறுப்பேற்க வேண்டும். பாக் ஓகாவைத் துணைக்கும், தோஃபுக்காரரை உளவுப் பிரிவுக்கும் சிபாரிசு செய்கிறேன். அந்தக் குழந்தைக்கு இப்போது பத்து வயதுக்கு மேலிருக்கும். அதன் தாயார் சம்மதித்தால் லேன் விஷயத்தில் ஆலோசகராக்கலாம்.

ஒரு கெட்ட செய்தியும் சொல்ல வேண்டும். நேற்றிரவு யாரோ உங்கள் இடது ஓரத்தை உளியால் கொத்தியிருக்கிறார்கள். சரியாக ஒரு மோட்டார் சைக்கிள் டயர் அகலம். காலையிலிருந்து எண்ணுகிறேன், பதினேழு பைக் அந்த இடைவெளி வழியாக வேகம் குறையாமல் போய்விட்டது. பதினெட்டாவது, நம் சந்துத் தலைவரின் மகன். உங்களைக் கட்ட வசூல் செய்தவரே அவர் அப்பாதான். இதை யாரிடம் புகார் கொடுப்பது என்று தெரியாமல் உங்களிடமே சொல்கிறேன்.

மணி பத்தாகப்போகிறது. பக்கத்து வீட்டில் ஒற்றை நம்பர் எப்போதோ கிளம்பிவிட்டது. இன்னும் ஐந்து நிமிடத்தில் நான் வருகிறேன். வலது ஓரமாகப் படுத்துக்கொள்ளுங்கள், முதல் கியரில்தான் ஏறுவேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
இரட்டைப்படைக்காரன்.