குமிழிக்கு உயர்பதவி

மின்விசிறியின் இரைச்சல் ஏகாந்தத்தைக் குலைக்கிறதென்று கணினிக்குள் நீர்க்குளிர்ப்பானைப் பிரதிஷ்டை செய்த கனவான்கள், சில வருஷங்களில் ரப்பர்க் குழாயின் சுவரூடே நீர் சிறுகச் சிறுக ஆவியாய் வெளியேறி, அந்த இடத்தில் காற்று குடிபுகுந்து, பெட்டிக்குள்ளிருந்து களகளவென்று நாதம் எழுப்பக் கேட்டுத் திகைக்கிறார்கள். குமிழிக்கோ, பதவிப்பித்தம் தலைக்கேறிய பிரமுகரைப் போல, சுற்றோட்டத்திலுள்ள அதியுன்னத ஸ்தானமே வேண்டும். அவ்விடத்தில் பம்பை வைத்தவர் உஷ்ணத்தையும் சப்தத்தையும் ஒருங்கே சம்பாதிக்கிறார். 1985-இல் வெளிவந்த கிரே-2 என்னும் மகா கணினி, தன் மின்சுற்றுகள் யாவும் திரவத்தில் மூழ்கியிருந்தமையால் ‘பபிள்ஸ்’ என்றே செல்லப்பெயர் பெற்றது. கோடி டாலருக்கு மேற்பட்ட விலையுள்ள யந்திரத்தில் குமிழியும் ஓர் அலங்காரம் போலும்! நம் கனவான்கள் ரேடியேட்டரின் உச்சியைப் பம்பைவிட உயரத்தில் வைப்பார்களாக.