எல்லாம் ஒரிஜினல் சார்

வண்டி ஓடிக்கொண்டுதான் வந்தது. அறுபதுகளில் பிறந்த மஹிந்திரா எஃப்.சி. 150 பிக்கப். மூக்கே இல்லாமல், முன்சக்கரத்தின் தலைமேலேயே டிரைவர் உட்காருகிற அந்த மொட்டை மூஞ்சி வண்டி. பெட்ரோல் விலைக்குப் பயந்து யாரோ ஒரு புண்ணியவான் டீசல் எஞ்சின் மாற்றி வைத்திருந்தார். அது பாட்டுக்குச் செங்கல் ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருக்காரரான நம்மவர் வாங்கி, தன் வீட்டு வாசல் வரை ஜம்மென்று ஓட்டி வந்து அணைத்தார். அதோடு சரி.

டீசல் எஞ்சின் ஒரிஜினல் இல்லையாம்.

ரிட்டையர் ஆனபின் பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆசாமிகளில் இந்த ரகம் தனி. மற்றவர்களுக்கு வண்டி ஓடினால் போதும். இவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஓடுகிற எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டு, புதுப்பேட்டையில் அலைந்து, ஜாம் ஆகிக் கிடந்த வில்லீஸ் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை மூன்று சக்கர சைக்கிளில் ஏற்றி வந்தார். அதில் காற்றை உள்ளே விடும் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும், புகையை வெளியே தள்ளும் வால்வு கீழே பிளாக்கில் இருக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் தெருவில் பால்காரருக்கும் தெரியும்.

ஒருமுறை துணைக்கு என்னையும் புதுப்பேட்டைக்கு இழுத்துப் போனார். வாங்க வேண்டியது ஒரு போல்ட். கடைக்காரர் டப்பாவைத் துழாவி ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இது எம்.எம். மரைப்பா. அமெரிக்கன் டிசைன், எனக்கு இஞ்ச் மரை வேணும்.”

“பெருசு, ஓட்டையைக் கொஞ்சம் பெருசு பண்ணிப் போடு, சும்மா நச்சுனு உக்காரும்.”

“ஒரிஜினல் போயிடும்.”

“வண்டி ஓடுதா?”

“இப்ப ஓடலை.”

“அப்ப எந்த போல்ட்டு போட்டா இன்னா?”

இதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. மத்தியானம் வரை கடைகடையாக ஏறி இறங்கினோம். கடைசியில் கிடைத்த போல்ட் துருப்பிடித்து, தலை மழுங்கி, ஸ்பேனரே பிடிக்காத நிலையில் இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டு, பஸ்ஸில் வரும்போது அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பெயின்ட் படலம் இதைவிடக் கொடுமை. கம்பெனியில் அடித்த நிறம் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். கதவுக் கீலுக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அகலத்துக்கு இடம் குறித்து, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தார். நீலம் போனது. கீழே மஞ்சள். அதற்குக் கீழே யாரோ பட்டி பார்த்திருந்த சாம்பல். பிறகு செங்காவி பிரைமர், பிறகு ஒரு பச்சை. “பார்த்தீங்களா சார், கம்பெனி பச்சை!” என்றவர் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அதற்கும் கீழே ஏதாவது இருந்துவிட்டால்? இன்னும் தேய்த்தார். பொத்தென்று விரல் உள்ளே போய்விட்டது. ஓட்டை வழியாக எங்கள் வீட்டு கேட் தெரிந்தது. அவர் அசரவில்லை. “தகரம் ஒரிஜினல். அதான்.”

2021-இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று விதி கொண்டுவந்ததிலிருந்து இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது; இதெல்லாம் சரியாக இருந்தால் புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டி ‘வி.ஏ.’ என்று தனி நம்பர் வாங்கலாம். ஆனால் நினைத்தபோதெல்லாம் ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர், இவற்றுக்கு மட்டும்தான். நம்மவருக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. ரிப்பேரைத் தாண்டி அவர் இன்னும் எதற்கும் வரவில்லை.

எஃப்.சி. வண்டியை வடிவமைத்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கர். இவர்தான் 1954-இல், தேவைப்படுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஜனங்களுக்குப் புதுசின் மேல் ஆசை வந்துவிட வேண்டும் என்ற வியாபாரக் கொள்கையை மேடை போட்டுப் பரப்பியவர். பழசை எப்போது தூக்கிப் போடுவார்கள் என்று காத்திருந்த மனிதர் வரைந்த வண்டியை எந்த மகானுபாவர் கட்டிக் காக்கிறார் பாருங்கள். இதை நான் ஆவலோடு போய்ச் சொன்னேன். ஆடிப்போவார் என்று நினைத்தேன். “அப்படியா? அவர் போட்ட டிராயிங் ஒரிஜினல் எங்கயாவது கிடைக்குமா சார்?” என்றார்.

வீட்டம்மா தன் பங்குக்குச் சொல்லிவிட்டார்: “முட்டி ரெண்டும் மாத்தியாச்சு, பல்லு செட்டு. இவர்ல எது ஒரிஜினல்னு ஒரு லிஸ்ட் கேளுங்க அண்ணா.”

ஒன்றை மறைக்கக் கூடாது. போன மழைக்காலத்தில் என் ஸ்கூட்டரின் கிளட்ச் கேபிள் காலையில் வாசலிலேயே அறுந்துபோனது. கிரீஸ் கையோடு ஓடி வந்தவர், பரணில் கிடந்த ஏதோ சைக்கிள் பிரேக் கம்பியைக் கோத்து, முனையில் ஒரு ஸ்குரூவை முடுக்கி அனுப்பி வைத்தார். “ஒரிஜினல் கேபிள் இல்லையே சார்?” என்று குத்திப் பார்த்தேன். “உங்களுக்கு ஆபீஸ் நேரம் சார், கிளம்புங்க.” அந்தக் கம்பிதான் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்காக எத்தனை நாள் பொறுப்பது? வண்டி பாதி ரோட்டில் நிற்கிறது. ஆம்புலன்ஸ் திரும்ப முடியாது. சீட்டுக்கு அடியில் எலி குடும்பம் நடத்துகிறது. அவற்றின் சம்பந்தி வீடு எங்கள் சமையலறை. மழை பெய்தால் ஆயில் வழிந்து எங்கள் வாசல் கோலத்தில் வந்து கலக்கிறது. சார், இந்தப் பத்திரிகையை நீங்கள் விடாமல் வாங்குகிறவர் என்பதால் இங்கே எழுதுகிறேன். வண்டியை நாலடி உள்ளே தள்ளி நிறுத்துங்கள். தள்ளுவதற்கு நானே ஆள் கூட்டி வருகிறேன். நேரில் வந்து கேட்டால் ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிடுவதற்குள், இந்த வண்டியில் அது சக்கரத்தைப் பிடிக்காது, கியர்பெட்டிக்குப் பின்னால் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும் என்று ஆரம்பித்துவிடுவீர்கள்.