இன்னும் ரெண்டு துண்டு பாண்

ஊவாவில், கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் விருந்தாளிக்கு ஒரு கடமை உண்டு: கொடுப்பதை முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரருக்கும் ஒரு கடமை உண்டு: அதைக் காதில் வாங்கவே கூடாது. "வேணாங்க அக்கா, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பவரின் தட்டில் மூன்றாவது ரொட்டி விழும், மேலே சம்பலும் விழும். தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்றால் இரண்டு கரண்டி கூடும். சாப்பாட்டை நிறுத்த ஒரே வழி, எழுந்து ஓடுவதுதான்.

இந்தச் சட்டத்தில் வளர்ந்த பொடியன் ஒருவன் படிக்க மெல்பேர்ன் போய், அங்கே ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தோடு தங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று வீட்டம்மா கேட்கிறார். அவன் ஊர் வழக்கப்படி வேண்டாம் என்கிறான். அவரும் அதை அப்படியே நம்பி, பாத்திரத்தை பிரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறார். பாவம், அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. ஆறு மணிக்கே இரவுச் சாப்பாடு முடிந்தது. கோடையில் அங்கே பொழுது சாய எட்டரைக்கு மேலாகும். வெளியே வெயில், வயிற்றிலோ நடுச்சாமப் பசி.

1888இல் சட்டம் படிக்க லண்டன் போன காந்தியும் இப்படித்தான் வாடினார். இறைச்சியைத் தொடுவதில்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனவர். ரிச்மண்டில் நண்பரோடு தங்கியிருந்தபோது காலை ஓட்ஸ் கஞ்சி ஓரளவு தாங்கியது. மதியமும் இரவும் கீரை, பாண், ஜாம். நன்றாகச் சாப்பிடக்கூடியவர்தான், ஆனால் இரண்டு மூன்று துண்டுக்கு மேல் கேட்க வெட்கம். பிறகு மேற்கு கென்சிங்டனில் ஒரு விதவையின் வீட்டுக்கு மாறினார். அந்த அம்மாவுக்கு இவருக்கு என்ன சமைப்பதென்றே விளங்கவில்லை. இரண்டு மகள்மார் வற்புறுத்தி இன்னும் ஓரிரு துண்டு வைப்பார்கள். தனக்குத் தேவைப்பட்டதோ முழுப் பாண் என்று சுயசரிதையில் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். நம்ம கடைக் கணக்கில் ஒரு இறாத்தல், 450 கிராம். அந்தப் பிள்ளைகள் ஊவாவில் பிறந்திருந்தால் அவர் கேட்க வேண்டியே இருந்திருக்காது.

மரக்கறிச் சாப்பாட்டுக் கடை தேடி நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தார். ஒரு நாள் ஃபாரிங்டன் வீதியில் அகப்பட்டது. வாசலில் விற்பனைக்கு இருந்த ஹென்றி சால்ட்டின் சைவ நூலை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கிக்கொண்டு, அதன் பிறகுதான் சாப்பிடப் போனார். பசித்தவன் முதலில் புத்தகம் வாங்கினான் என்று வேறு யார் சொன்னாலும் நம்ப முடியாது. இங்கிலாந்தில் அவர் வயிறாரச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

மெல்பேர்ன் போன பொடியனுக்குச் சாப்பாட்டோடு தொல்லை முடியவில்லை. பீலித் தண்ணீரில் ஆசை தீரக் குளித்து வளர்ந்தவன். அவன் ஊர்ப் பக்கம் தியலும நீர்வீழ்ச்சி 220 மீட்டர் உயரத்திலிருந்து யாரையும் கேட்காமல் கொட்டுகிறது. மெல்பேர்னிலோ நீண்ட வறட்சியின்போது, 2008இல், ஆளுக்கு நாளொன்றுக்கு 155 லீட்டர் தண்ணீர் என்று இலக்கு வைத்தார்கள். நான்கு நிமிடத்தில் குளித்து முடிக்கச் சொல்லும் மணற்கடிகாரம் குளியலறைக்குள் வந்தது. வறட்சி போய்விட்டது, அவன் தங்கிய வீட்டில் கடிகாரம் போகவில்லை. நான்கு நிமிடம் அவனுக்குத் தலைக்குச் சவர்க்காரம் போடத்தான் காணும்.

தேத்தண்ணி நேரம் வேறு கதை. நூல் கட்டிய பையைக் கோப்பைக்குள் இறக்கிவிட்டு, "சிலோன் தேயிலை, குடித்துப் பார்த்திருக்கிறாயா?" என்கிறார் வீட்டம்மா. 1890இல் லிப்டன் வாங்கிய தம்பேதென்ன தோட்டம் அவன் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எடைக்காக அம்மா சண்டை பிடித்த கொழுந்துகூட அந்தப் பைக்குள் இருக்கலாம். இவ்வளவையும் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். "ஓம், குடிச்சிருக்கேன்" என்று முடித்துக்கொள்கிறான்.

பாண் கேட்கக் கூசிய காந்திக்குப் பிற்காலத்தில் நேர்மாறான தொல்லை. கல்கத்தாவில் அவரை உபசரித்த வீட்டுப் பெண்கள், அவருக்காகக் கொட்டைப் பருப்புகளைத் தோலுரிக்க இரவெல்லாம் கண்விழித்தார்கள். தன்னால் வீட்டுக்காரர்கள் இப்படிப் படாத பாடு படுகிறார்களே என்று சங்கடப்பட்டவர், 1915இல் ஹரித்துவாரில் ஒரு விரதம் எடுத்தார்: நாளொன்றுக்கு ஐந்து பொருளுக்கு மேல் கிடையாது, இருட்டிய பின் சாப்பாடே கிடையாது, நோய் வந்தாலும் விலக்கில்லை. 1927 நவம்பரில் நம்ம ஊவாவின் பதுளைக்கு வந்தபோதும் அதே விரதம்தான். அப்போது அவர் குடித்துவந்த ஆட்டுப்பாலை ஒன்று என்று எண்ணினால் மிச்சம் நாலு. சமைத்தவருக்கு ஒரு கை விரலே போதுமான கணக்குப் புத்தகம்.