எலிக்கு உள்ள உரிமை

ஜூன் பிறந்தால் நவி மும்பையின் நெருள் ஸ்டேஷன் வாசலில் ஒரு குடை ரிப்பேர்காரர் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். போன மழைக்கு என் குடையின் ஒடிந்த கம்பியை உருவி, செத்துப்போன வேறொரு குடையின் கம்பியைக் கோத்து, நூலால் நாலு கட்டுப் போட்டு நீட்டினார். குடை விரிந்தது. கம்பெனியிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. இதையெல்லாம் அதிசயமாக எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து மச்சான் போன் செய்தான். கார் பருவம். தொழி உழவு பாதியில் நிற்கிறது, நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. "அத்தான், எலி டிராக்டர் ஒயரக் கடிச்சிட்டு. பட்டறை அண்ணாச்சி ஒட்டுப் போட்டுட்டாரு. ஆனா லைட்டு அணைய மாட்டேங்கு, வண்டி இழுக்க மாட்டேங்கு."

ஒயரை ஒட்டினால் போதாதாம். வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பதிந்த கோளாறு எண்ணை அழிக்க வேண்டுமாம். அழிக்கிற மென்பொருள் கம்பெனி ஆளின் லேப்டாப்பில் மட்டும். அவர் நாலாம் நாள் வந்தார். பேன்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார், ஒயரைச் செருகினார், ஒரு பொத்தானைத் தட்டினார், பில்லை நீட்டினார். முப்பது வருஷமாக எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற அண்ணாச்சி ஸ்பேனரோடு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒயரைக் கடிக்க எலிக்கு எந்த அங்கீகாரமும் தேவைப்படவில்லை. ஒட்டியவருக்குத்தான் தேவைப்பட்டது.

டிராக்டர் யாருடையது? தவணை தவறினால் பேங்க்காரன் வருவது மச்சான் வீட்டுக்கு. ஆயுத பூஜைக்குச் சந்தனம் அப்பலாம், டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கலாம். அதோடு சரி.

அமெரிக்காவில் இதை ஒளிக்காமலே சொன்னார்கள். 2015-இல் ஜான் டியர் கம்பெனி அங்குள்ள பதிப்புரிமை அலுவலகத்திடம் வைத்த வாதம்: டிராக்டருக்குள் இருக்கும் மென்பொருள் விவசாயிக்குச் சொந்தமல்ல, வண்டி உள்ளமட்டும் ஓட்டிக்கொள்ள அவருக்கு உரிமம் உண்டு. 2022-இல் உக்ரைனின் மெலிட்டோபோலில் ரஷ்யப் படையினர் அள்ளிப்போன அந்தக் கம்பெனி வண்டிகள் தொலைவிலிருந்தே பூட்டப்பட்டன. உலகம் கைதட்டியது; நானும் தட்டினேன். திருடனைப் பூட்டுகிற சாவி சொந்தக்காரனையும் பூட்டும் என்று அப்போது உறைக்கவில்லை. அமெரிக்காவின் கொலராடோ விவசாயிகள் 2023-இல் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டமே வாங்கிவிட்டார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையமும் அந்தக் கம்பெனிமேல் வழக்குப் போட்டது.

இங்கே? 2023 ஜனவரியிலிருந்து 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்குப் புகை விதி இறுகியது. நல்லதுதான். அந்தச் சாக்கில் சென்சாரும் பெட்டியும் வந்து குந்திக்கொண்டன. பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும் உரிமையை மட்டும் யாரும் கூடவே அனுப்பவில்லை.

டெல்லி சும்மா இருந்ததா என்றால், இல்லை. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டது. நாலு இனங்களைக் குறித்தார்கள்; பட்டியலில் முதலிடம் விவசாயக் கருவிகளுக்கு! அந்த டிசம்பரிலேயே இணையதளமும் திறந்தாயிற்று. பிறகு இன்னொரு குழு. அதன் அறிக்கை 2025 மே மாதம் வந்தது. பழுதுபார்க்க எது எளிது என்று மதிப்பெண் போடப் போகிறார்களாம், முதலில் செல்போனுக்கும் டேப்லெட்டுக்கும். ரொம்பச் சரி. போன் நன்றாக இருந்தால்தானே கம்பெனி ஆளை நாலு நாளும் கூப்பிட முடியும்?

குழு ஐயாமார்களே, அண்ணாச்சி இலவசம் கேட்கவில்லை. அந்த மென்பொருளைப் பட்டறைகளுக்கும் விற்கச் சொல்லிச் சட்டம் போடுங்கள். காசு கொடுத்தே வாங்கிக்கொள்வார்.