மாடத்துக்கு முன்னால் மாட்டுங்கள்

கே: 1990-களில் கட்டிய வீடு. பழைய பெட்டி டிவிக்காக ஹால் சுவரில் 3 அடி அகலத்துக்கு விட்ட ஷோகேஸ் மாடம் காலியாக இருக்கிறது. 43 அங்குல டிவி வாங்கப்போகிறோம். சுவரை இடித்து மாடத்தை அகலப்படுத்தலாமா?
– வாசகி, கும்பகோணம்

ப: சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு டேப்பை எடுங்கள்! 43 என்பது மூலைக்கு மூலை அளவு. திரையின் அகலம் சுமார் 37.5 அங்குலம், உங்கள் மாடமோ 36. இந்தச் சின்ன வித்தியாசத்துக்காகப் பக்கச் சுவரைக் கொத்தினால், மேலே லிண்டல் உட்கார்ந்திருக்கும் இடம் குறையும். பாரம் தாங்கும் சுவராக இருந்தால் ஆபத்து. இன்ஜினீயர் பார்க்காமல் ஒரு செங்கல்லைக்கூட அசைக்காதீர்கள்.

டிவி மாடத்துக்குள் போகத்தான் வேண்டுமா? 19 மி.மீ. பிளைவுட் பலகையை மாடத்தின் குறுக்கே வைத்து, இரு பக்கச் சுவரிலும் ஆங்கர் போல்ட்டால் இறுக்கி, அதில் பிராக்கெட்டை மாட்டலாம். பிளக்கும் ஒயர்களும் பின்னால் மறைந்துவிடும். செட்டாப் பாக்ஸை மட்டும் மறைக்காதீர்கள்; ரிமோட்டின் ஒளி பலகையைத் துளைக்காது, சூடும் வெளியேற வேண்டும். பலகையின் அடியில் திறப்பு விடுங்கள். சோபாவில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகத் திரையின் நடுப்பகுதி வரட்டும்.

இதற்குக் கொத்தனார் வேண்டாம், நல்ல ஆசாரி போதும்.