முக்கால் விதி: கொள்ளிடக்கரை அனிமேஷன் படங்கள் பற்றி ஓர் ஆராய்ச்சி

நெல்லுக்கு ஆடுதுறையில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தென்னைக்கு வேப்பங்குளத்தில் இருக்கிறது. ஓலைச்சுவடிக்குச் சரசுவதி மகால் இருக்கிறது. ஆனால் விஸ்காம் படிக்கும் பிள்ளைகள் ஐந்து பேர் கூடி நாலு நிமிட அனிமேஷன் சிரிப்புக்கதை ஒன்றை எடுக்கத் தொடங்கினால் அது எந்த இடத்தில் நிற்கும், ஏன் அங்கேயே நிற்கும் என்று ஆராயத் தஞ்சை வட்டாரத்தில் ஒரு நிலையமும் இல்லை. அக்குறை தீர்க்கவே இக்கட்டுரை எழுந்தது. நிதி நல்கை எதுவும் பெறவில்லை, கேட்கவுமில்லை. கேட்டால் படிவம் கொடுப்பார்கள்.

முதற்கண் நூற்பா:

முக்கால் எய்துழி மூச்சு வாங்குதல்
மாணவர் படைப்பின் மாறா மரபே.

இதன் பொருள்: மாணவர் எடுக்கும் எப்படமும் முக்கால் பங்கு வரை தடையின்றி வளரும்; முக்காலில் நின்றுவிடும். சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவில் மேலும் மூன்று வீசம் முடியும். எஞ்சிய ஒரு வீசம் என்றைக்கும் முடியாது. பதினாறில் பதினைந்து. முக்காலே மூணு வீசம் என்று பெரியவர்கள் வாய்க்கு வாய் சொல்லும் அளவு இதுவே. இவ்வளவை அவர்கள் எங்கே கண்டார்கள் என்பார்க்கு, பெரிய கோயிலில் என்க.

பெரிய கோயில் விமானத்தின் உள்ளே, மேல்தளத்துச் சுற்றுவழியில், சிவனே ஆடிக் காட்டுவதாகக் கரணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. நாட்டிய சாத்திரம் சொல்லும் கரணங்கள் 108. செதுக்கி முடிந்தவை 81. மீதி 27க்கும் கல் தயார், இடம் தயார். உளி மட்டும் படவில்லை. 81ஐ 108ஆல் வகுத்துப் பாருங்கள். மயிரிழை கூடாமல் குறையாமல் முக்கால். வரலாற்றாசிரியர்கள் இதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாமாண்டு மாணவரைக் கேட்டால் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: டெட்லைன். ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், விமானத்து உச்சியில் வைக்கச் செப்புக் கலசம் கொடுத்தான் என்று கல்வெட்டே இருக்கிறது. ராஜா நாள் குறித்துவிட்டார். "இன்னும் 27 பாக்கி, ஒரு மாசம் தள்ளி வைக்கலாமா?" என்று கேட்க எந்தச் சிற்பிக்கு நாக்கு எழும்?

இதில் உத்தி ஒன்றும் உண்டு. முடியாமல் போன கற்கள் கோபுர வாசலில் இல்லை. கண்ணில் எளிதில் படாத உள்தளத்தில் இருக்கின்றன. பின்புலம் வரைந்து முடியாத காட்சியை 'இரவு நேரம்' என்று மாற்றி நீல இருட்டுப் பூசிவிடும் இன்றைய வழக்கத்துக்கு மூலம் இதுவே என்று துணியலாம். கொள்ளிடத்துக்கு அக்கரையில், சிதம்பரத்துக் கோபுரங்களில் 108 கரணங்களும் குறைவின்றி இருக்கின்றனவே, விதி பொய்த்ததே எனின், அற்றன்று. அவர்கள் பிற்காலத்தார். சீனியர் விட்டுப் போன ப்ராஜெக்டை ஜூனியர் முடித்துப் பெயர் வாங்குவது விதிக்குப் புறம்பு ஆகாது.

ஒன்று கவனிக்க வேண்டும். கரணச் சிற்பங்கள் நிலைகளை மட்டுமே காட்டுகின்றன. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு உடம்பு எப்படிப் போனது என்பதைச் சிற்பி சொல்லவில்லை. அனிமேஷன்காரர்கள் அப்படிப்பட்ட நிலையைக் கீ ஃபிரேம் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே வரும் படங்களை வரைவது இன்பிட்வீனர் எனப்படும் பாவப்பட்ட பிறவியின் வேலை. ராஜராஜன் காலத்தில் அந்த வேலை தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல்மகளிர் 400 பேருக்கு இருந்திருக்கும் என்பது இக்கட்டுரையின் துணிபு. நம் மாணவர் அணியில் அதைக் கணினி செய்கிறது. அதனால்தான் அவர்கள் படத்தில் எல்லோரும் தண்ணீருக்குள் நடப்பது போல் நடக்கிறார்கள்.

அயல்நாட்டுச் சான்றும் ஒன்று தருவோம். தராவிட்டால் ஆய்வுக் கட்டுரை என்று யாரும் ஒப்பமாட்டார்கள். 1922இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 20 வயது வால்ட் டிஸ்னி 'லாஃப்-ஓ-கிராம்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். வேலை பார்த்தவர்களும் ஏறக்குறைய அவர் வயசுப் பையன்கள்தாம். எடுத்தவை சிவப்புத் தொப்பிச் சிறுமி, சிண்ட்ரெல்லா, பூட்ஸ் போட்ட பூனை என்று பழைய பாட்டிக் கதைகளைக் கேலியாக்கிய குறும்படங்கள். நம் பிள்ளைகள் இன்று எடுப்பது எதுவோ அதுவே. ஆறு படத்துக்கு 11,000 டாலர் என்று ஒரு விநியோக நிறுவனம் ஒப்பந்தம் போட்டு, 100 டாலர் முன்பணம் கொடுத்து, பிறகு தானே திவாலாகிப் போனது. 1923இல் டிஸ்னி கம்பெனியும் திவால். முக்கால் அல்ல, நூற்றில் ஒரு பங்குகூடக் கைக்கு வரவில்லை. நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதில் வியப்பு ஏதும் இராது. 14 ஆண்டு கழித்து அதே மனிதர் 'ஸ்னோ ஒயிட்' எடுத்தார் என்பது தனிக்கதை.

இனி அணி. ஆய்வு வசதிக்காக ஒன்றைக் கற்பித்துக்கொள்வோம். ஐந்து பேர். கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் ஒருவரிடம் இருக்கும். எனவே அவரே தயாரிப்பாளர். ஒருவருக்கு வரையத் தெரியும். ஒருவருக்கு பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள் தெரியும். ஒருத்திக்குக் குரல் உண்டு, கதையும் வரும். ஐந்தாமவருக்கு என்ன தெரியும் என்பது கடைசிவரை தெளிவாகாது. டீ வாங்கி வருவார், எல்லோருக்கும் ஹார்ட் டிஸ்க் சுமப்பார், முடிவில் எடிட்டிங் அவர் தலையில் விழும்.

எந்தக் கதை? முதல் ஓட்டு எப்போதும் பாட்டி வடை சுட்ட கதைக்கே விழும். காரணம் இலக்கியச் சுவை அன்று. பாட்டி உட்கார்ந்தே இருப்பாள், நரியையும் உட்கார வைத்துவிடலாம், காக்கைக்கு உதடு கிடையாது ஆதலால் பேசும்போது வாயசைவு பொருத்த வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உளுந்து வடையை மாடல் செய்யவே வேண்டாம். ஓட்டை உள்ள வட்டத்தை பிளெண்டர் 'டோரஸ்' என்று பெயரிட்டு மெனுவிலேயே வைத்திருக்கிறது. பருப்பு வடை என்றால்தான் கைவேலை. இருந்தும் நம் அணி இக்கதையைக் கைவிட்டது. வடைக்குக் கடைசிவரை காசு வராத பாட்டியின் பக்கம் நின்று இதுவரை யாரும் படம் எடுக்கவில்லை, எடுத்தால் அது சிரிப்புப் படமாக இராது என்று அந்தப் பெண் சொன்னாள். சரியான தீர்ப்பு.

எனவே பரமார்த்த குரு. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் எழுதியது. 1822இல் லண்டனில் அச்சானது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். அணியிலும் ஐந்து பேர். இப்பொருத்தத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதல் கதையில் குருவும் சீடர்களும் ஆற்றைக் கடக்க வேண்டும், ஆறு விழித்திருந்தால் ஆபத்து, எரிகிற கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்க்கிறார்கள், 'சுர்' என்கிறது, ஆறு விழித்திருக்கிறது!

இங்கேதான் இடி விழுந்தது. தண்ணீர். அனிமேஷனில் ஓடும் நீரைப் போல் கணினியைக் கொல்லும் பொருள் குறைவு. அலை, நுரை, ஒளி ஊடுருவல், பிரதிபலிப்பு, போதாக்குறைக்குக் கொள்ளி பட்டு எழும் ஆவி. காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த ஐந்து பேரால் ஒரு வாய்க்கால் தண்ணீரை ரெண்டர் செய்ய, அதாவது கணினியில் படமாக வார்த்தெடுக்க, முடியவில்லை. லாட்வியாக்காரர்கள் இதே பிளெண்டரில் உலகமே மூழ்கும் வெள்ளத்தைக் காட்டி, 'ஃப்ளோ' படத்துக்கு 2025இல் ஆஸ்கார் வாங்கிப் போனார்கள் என்று தயாரிப்பாளர் நினைவூட்டினார். அப்போது நடந்திருக்கக்கூடிய உரையாடல் இது:

"தண்ணி வேணாம்டா மாப்ள."

"ஆத்துல தண்ணி இல்லன்னா கதை எப்புடிடா?"

"கொள்ளிடத்துல வெள்ளம் வந்தாத்தான் தண்ணி. மத்த நாள்ல மணலுதான?"

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். மூடும் நேரத்தில்தான் கல்லூரியில் இறுதிப் பருவம் சூடுபிடிக்கும். ஆகவே படம் எடுக்கிற மாதங்களில் எட்டிப் பார்த்தால் மணல்தான். இதனால் கதையே தலைகீழாயிற்று. சீடர்கள் வறண்ட ஆற்றங்கரையில் கொள்ளிக்கட்டையோடு நிற்கிறார்கள். மணலில் குத்துகிறார்கள். சத்தம் இல்லை. ஆறு தூங்குகிறது! மூச்சுவிடாமல், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, அதை எழுப்பாமல் கடக்கிறார்கள். எதிரே மணல் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்க, "ஐயோ, எழுப்பிடாதய்யா!" என்று குரு அலறுகிறார். ரெண்டர் நேரத்தை மிச்சம் பிடிக்கப் பிறந்த நகைச்சுவை எழுதிப் பிறந்ததைவிட மேலானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

அடுத்த இடர் கால். நடப்பது அனிமேஷனில் பெரும்பாடு: பாதம் தரையில் வழுக்கும், முழங்கால் பின்பக்கம் மடங்கும். இதற்குத் தீர்வு தஞ்சாவூர்க் கடைத்தெருவில் அடுக்கி வைத்திருந்தது. தலையாட்டி பொம்மை. 2008-09இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைவிட முக்கியம், அதற்குக் கால் கிடையாது. அடிப்பாகம் கனத்த அரைக்கோளம். எடை எல்லாம் கீழே. தட்டினால் சாயும், விட்டால் நிமிரும். குருவையும் சீடர்களையும் தலையாட்டி பொம்மைகளாக்கிவிட்டார்கள். ஒரே மாடலை ஐந்தாக நகலெடுத்து, தலைப்பாகையின் நிறத்தை மட்டும் மாற்றினால் ஐந்து சீடர். விழுந்து எழும் சிரிப்பும் இலவசம். உடம்பு நின்ற பிறகும் தலை ஆடிக்கொண்டே இருக்கும். டிஸ்னியின் மூத்த ஓவியர்கள் இருவர் 1981இல் எழுதிய புத்தகத்தில் பன்னிரண்டு விதிகளுள் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். நம் ஊரில் நவராத்திரிக் கொலுவில் குழந்தைகள் விரலால் தட்டிக் கற்பது.

உடம்புக்குள் எலும்பு பூட்டி ஆட்டுவிப்பதை ரிக்கிங் என்பார்கள். பொம்மலாட்டக்காரர்கள் கயிறுகளை இரும்பு வளையம் ஒன்றில் கட்டி அந்த வளையத்தைத் தலையில் அணிந்து, பத்துக் கிலோ வரை எடையுள்ள மரப்பாவையை ஆட்டுகிறார்கள். பாவையின் பாரம் ஆட்டுபவர் தலையில். அணியில் ரிக்கிங் செய்தவர் தலைவலி என்று இரண்டு நாள் வகுப்புக்கு வராததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பது மேலாய்வுக்குரியது.

காலக்கணக்கு சொல்ல வேண்டும். டெல்டாவில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தூவிவிடுவார்கள். உழவு இல்லை, பாசனம் இல்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியுமே அதற்கு ஆதாரம். எழுபது நாள் சுமாரில் கைக்கு வரும். மாணவர் படம் தரிசு உளுந்து. தேர்வு, செமினார், ரெக்கார்டு என்ற பெரும்பயிர் உறிஞ்சியது போக மிஞ்சிய ஈரத்தில் அது வளர வேண்டும். உரம் வேண்டும் என்று கேட்டால், "அசைன்மென்ட் முடிச்சியா?" என்பார்கள்.

எண்ணிக்கையைப் பாருங்கள். நாலு நிமிடம் 240 வினாடி. வினாடிக்கு 24 ஃபிரேம் வைத்தால் 5,760. ஒரு ஃபிரேமுக்கு மூன்று நிமிடம் ரெண்டர் என்றால் 288 மணி நேரம்: இரவு பகல் ஓயாமல் 12 நாள். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தும் பழைய சிக்கனத்தைக் கையாண்டால் ஆறு நாள். ஆறு நாளும் ஒரே லேப்டாப். நடுவில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை. முதல் முறை நேரடியாக வீடியோ கோப்பாக ரெண்டர் செய்ததால், கரண்ட் போனதும் அத்தனையும் போயிற்று. அதன் பிறகே ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாகச் சேமித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்ற ஞானம் கிட்டும். இந்த ஞானத்தைச் சீனியர்கள் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தாங்கள் பட்டதை இவர்களும் படட்டும் என்ற நல்லெண்ணமே காரணம். ஒலிப்பதிவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மெத்தைகளைச் சுவரில் சாய்த்துப் பதிவு செய்தார்கள். குருவின் ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் அறுவடை எந்திரம் ஓடுகிறது.

4,320ஆம் ஃபிரேமில், அதாவது முக்காலில், படம் நின்றது. கணக்கு போட்டுக் காட்ட வேண்டியதில்லை. கடைசி இரவில் மூன்று வீசம் முடிந்தது. எஞ்சிய வீசம் இரண்டு இடத்தில் வெளிப்பட்டது. ஒன்று, மூடனின் தலைப்பாகை. அதற்குரிய படக்கோப்பு தொலைந்துபோனதால், கோப்பு காணாத இடத்தில் பிளெண்டர் வழக்கமாகப் பூசும் கண்கூசும் இளஞ்சிவப்பு வந்துவிட்டது. எக்ஸ்டெர்னல் எனப்படும் வெளித்தேர்வாளர் அதைச் சுட்டிக் கேட்க, "அது குறியீடு சார்" என்று பதில் வந்தது. அவர் தலையாட்டினார், மதிப்பெண் தாளில் ஏதோ எழுதினார்.

மற்றது பெயர்ப் பட்டியல். இவ்விஷயத்தில் சோழர் கைதேர்ந்தவர்கள். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கின்றன. அத்தோடு நட்டுவனார், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கு ஏற்றுவோர், வண்ணார், நாவிதர், தையற்காரர் எல்லோரும் உண்டு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நம் அணியின் பட்டியலை விடிகாலை மூன்று மணிக்கு ஐந்தாமவர் தட்டச்சு செய்தார். நண்பர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பெயர் போட்டார். நாலு பெயர் வந்தது. சரியாகத்தான் இருக்கிறது என்று எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார்.

திரையிடல் முடிந்து விளக்கு போட்டதும் எக்ஸ்டெர்னல் கேட்டார்: "அஞ்சு பேர் டீம்னு ரெக்கார்டுல இருக்கு. திரையில நாலு பேருதான வந்துச்சு?" அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து விரல்விட்டு எண்ணினார்கள். யாருக்கும் கணக்கு ஒத்து வரவில்லை. வீரமாமுனிவர் கதையில் இந்த இடத்தில் வழிப்போக்கன் ஒருவன் வந்து, முதுகில் ஆளுக்கொரு அடி போட்டு எண்ணிக் கொடுப்பான். துறைத் தலைவர் வருகைப் பதிவேட்டை எடுத்தார். ஐந்து பெயரும் வாசித்தார். ஐந்து முறையும் "உள்ளேன் ஐயா" கேட்டது. அவற்றுள் ஒன்று ப்ராக்ஸி.